ஊக்கு அக்காவும் காலரில் இருந்த ஊசியும்

என் அண்ணியை அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊக்கு அக்கா என்று கேட்டால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே, உடை மாற்றும் இடத்தில், இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு உத்தியோகம். உள்ளே இருக்கும் மிஷின் ஒரு ராட்சசக் காந்தம். இரும்பு என்று எதைக் கொண்டுபோனாலும் பிடுங்கி இழுத்துக்கொள்ளும். அதனால் வருகிறவர்களின் சாவி, பெல்ட், கொண்டை ஊசி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வாங்கி வைத்து, கவுனைக் கையில் கொடுத்து, படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டு, அப்புறம்தான் அறை வாசலில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்ட விடுவாள். "எல்லாத்தையும் கழட்டியாச்சும்மா" என்று சத்தியம் பண்ணுகிறவரின் துணி மடிப்பில் ஓர் ஊக்கு ஒளிந்திருக்கும். அண்ணி தொட்டுப் பார்க்கக்கூட மாட்டாள். கையை நீட்டி, "அதையும் குடுங்க" என்பாள். அப்படி வந்த பட்டப்பெயர்.

வீட்டிலும் அதே கழுகுக் கண்தான். நான் அவளுடைய நாத்தனார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எனக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அண்ணி சொல்வாள். ஆளுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று நான் சொல்வேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக நானும் அண்ணியும் ஒரே வீட்டில் எலியும் பூனையுமாகக் காலம் தள்ளுகிறோம். யார் எலி, யார் பூனை என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நடுவில் என் அண்ணன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவன். எந்தத் தெருவில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வான். வீட்டில் யார் அழுகிறார்கள் என்று கேட்டால் முழிப்பான்.

ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் அண்ணிக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. துவைத்த சட்டையை மடிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டாள். கைகளைப் பின்னால் மடக்கி, காலரை நிமிர்த்தி, கடையில் அட்டை வைத்து விற்பார்களே, அந்த மாதிரி. "என்ன அண்ணி, அண்ணனை விக்கப் போறீங்களா? வாங்க ஆள் இருக்கா?" என்று கேலி பண்ணினேன். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுப்பவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. துவைக்கப் போடும் சட்டையின் பையையும் துழாவ ஆரம்பித்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. வயசானால் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கும், நமக்கு எது பிடிக்கப் போகிறதோ என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். நான் ஏதோ வம்பு பேசிக்கொண்டே இருந்தேன். பதில் வரவில்லை. ஈரப் போர்வையை விலக்கிப் பார்த்தால், கையில் கிளிப்பைப் பிடித்தபடியே அண்ணி தரையில் கிடந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வாளித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தேன், கன்னத்தில் தட்டினேன், கடவுளையும் அண்ணனையும் சேர்த்துத் திட்டினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். என்னைத்தான் பார்த்தாள். ஆனால் பேசியது என்னிடம் இல்லை.

"சட்டைப் பையைப் பாத்தீங்களா?" என்றாள்.

முப்பது வருடத்தில் என்னை அவள் ஒரு நாளும் "நீங்க" என்று சொன்னதில்லை.

மறுநாள் இதய டாக்டரம்மா ஒரு நீளக் காகிதத்தை மேஜைமேல் விரித்துக் காட்டினாள். அண்ணியின் இதயம் ஓடுகிறது, ஓடுகிறது, திடீரென்று மூன்று நான்கு விநாடி நின்றுவிடுகிறது. அப்புறம் மறுபடி ஓடுகிறது. அந்த நிற்கிற இடங்களில் காகிதத்தில் ஒரு நேர்கோடு மட்டும் இருந்தது. என் விரலால் அளந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளத்துக்கு மேல் இருந்தது.

"பேஸ்மேக்கர் வச்சாகணும். வியாழக்கிழமை அட்மிட் ஆகிடுங்க. அதுவரைக்கும் தனியா மாடி ஏறக் கூடாது, குளிக்கும்போது தாப்பா போடக் கூடாது" என்றாள் டாக்டரம்மா. "இதுல ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு சாதாரணம். இன்னொண்ணு, அதை வச்சுக்கிட்டே பின்னாடி எம்.ஆர்.ஐ. எடுத்துக்கலாம். உங்களுக்கு ஏற்கெனவே கழுத்தெலும்பு தேஞ்சிருக்கு. அதனால ரெண்டாவதுதான் நான் சொல்வேன். எதுவானாலும் மெஷின் ரூமுக்குள்ள நீங்க வேலையா போறது இனிமே கிடையாது. ஆனா நோயாளியா போக வேண்டி வந்தா, போகலாம்."

"சாதாரணதே போதும் டாக்டர்" என்றாள் அண்ணி. யோசிக்கக்கூட இல்லை. வீட்டிலேயே முடிவு பண்ணி வந்தவள் மாதிரி.

காசுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்து அண்ணன், "ரெண்டுக்குமே ஆபீஸ் இன்ஷூரன்ஸ் உண்டு" என்று அவசரமாகச் சொன்னான். அவன் பேசியதே அதிசயம்.

"அதுக்கில்லைங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "தோலுக்கடியில வைக்கிற பெட்டி மட்டும் இல்ல, உள்ள போற ஒயரும் அந்த ரகமா இருக்கணும்மா. ஒயர் ஒரு தடவை இதயத்துல ஒட்டிக்கிச்சுன்னா, பின்னால மனசு மாறி எடுக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. நாளன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. நீங்க அந்த வேலையிலேயே இருக்கிறவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அதுதான் எனக்கும் ஆத்திரம். ஊரில் எவனாவது தெரியாமல் வேண்டாம் என்றால் போகட்டும். அந்த அறை வாசலிலேயே இருபத்திரண்டு வருடம் நின்றவள், இப்போது தனக்கு அந்த அறையே வேண்டாம் என்கிறாள். வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணி கல்லுளிமங்கியாக உட்கார்ந்திருந்தாள். அண்ணன், "அவளுக்கு எது சரின்னு படுதோ..." என்று ஆரம்பித்தான். நான் பார்த்த பார்வையில் மீட்டர் படிக்கும் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். அங்கே மிஷினை இயக்குகிற டெக்னீஷியனுக்கும் அண்ணிக்கும் நல்ல பழக்கம். அவர் சொன்னால் கேட்பாள் என்று நினைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த டெய்லரை இன்னும் மறக்கலையா அவங்க?"

"எந்த டெய்லர்?"

"ஒண்ணுமில்லம்மா. யானைக்கும் அடி சறுக்கும். போனதை நெனச்சு என்ன பிரயோஜனம்?" என்று எழுந்துவிட்டார்.

வெளியே வரும்போது உடை மாற்றும் இடத்தைப் பார்த்தேன். சுவரை ஒட்டி ஐந்து நாற்காலிகள். நான்கில் ஆட்கள். மூன்றாவதில் மட்டும் மடித்த கவுன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். அண்ணிக்குப் பதிலாக வந்திருந்தவளிடம், "அதை எடுத்துட்டு அவரை உக்கார வைக்கலாமே" என்றேன். "அது ஊக்கு அக்கா சீட்டுங்க. அவங்களும் உக்கார மாட்டாங்க, யாரையும் உக்கார விடவும் மாட்டாங்க. நாங்க கேக்கிறதில்ல" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி கட்டிலில் உட்கார்ந்து அண்ணனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அதே கடைமடிப்பு. எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அண்ணி, யாரு அந்த டெய்லர்?"

கை நின்றது. அந்த நீளக் காகிதத்தில் பார்த்த நேர்கோடு மாதிரி ஒரு நிறுத்தம். எனக்கு நிஜமாகவே பயம் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். துடிப்பு இருந்தது.

அப்புறம் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் தனியாக வந்தார். தையல்காரர். தையல் மிஷின் பெடலை மிதிக்கும்போது கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையாம். முதுகெலும்பை ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு. மூன்றாவது நாற்காலியில் காத்திருந்தார். கூட்டம். எப்போதும் போல முதலில் உடை மாற்றச் சொல்லிவிட்டு அப்புறம்தான் படிவம். கவுனைப் போட்டுக்கொண்டு, கழற்றிய சட்டையை அழகாக மடித்துக் கையில் வைத்தபடி வந்தார். அந்தச் சட்டையின் காலருக்கு அடியில் நூல் கோத்த ஊசி ஒன்று செருகியிருந்ததை அண்ணி தொடாமலே பார்த்துவிட்டாள்; சட்டையை வாங்கி, அதை உருவித் தட்டில் போட்டாள்.

"எனக்குத் தலைகால் புரியலடி" என்றாள். "எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பாருங்க, எவ்வளவு பெரிய ஆளு வந்தாலும் என் கண்ணுல தப்ப முடியாதுன்னேன். அவரும் சிரிச்சாரு. 'நாப்பது வருஷப் பழக்கம்மா, ஊசி அங்க இருக்கிறதே மறந்துபோச்சு. நீங்க கெட்டிக்காரங்க'ன்னாரு. அந்தச் சிரிப்போடதான் படிவத்தை எடுத்தேன். பேஸ்மேக்கர் இருக்கான்னு கேட்டேன். இருக்குங்கம்மா, ரெண்டு வருஷமாச்சுன்னாரு. சிவப்புப் பேனாவுல ஒரு கோடு போட்டேன். உங்களுக்கு இங்க எடுக்க முடியாது, போயிட்டு வாங்கன்னேன்."

"அதானே அண்ணி விதி? பேஸ்மேக்கர் இருந்தா உள்ள விடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"பதினாறு வருஷமா அதான் விதி. அந்த வருஷம் மாறிப்போச்சு. புது ரகம் வந்துடுச்சு, எந்த ரகம்னு எழுதின பேஸ்மேக்கர் அட்டை இருந்தா வாங்கிப் பாத்து டெக்னீஷியன்கிட்ட குடுக்கணும்னு ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தாங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். யாருடி படிச்சா? கையெழுத்து போட்டுட்டு டீ குடிக்கப் போனோம்."

அவர் வாதாடவே இல்லை. "சரிங்கம்மா, விதின்னா விதிதானே" என்றார். உடை மாற்றிக்கொண்டு, கவுனைக் கடைச் சட்டை மாதிரி மடித்துக் கொடுத்தார். "இதுல கயிறு விட்டிருக்கு, ரெண்டு தையல் போட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டு, மெதுவாகக் காலைப் பார்த்துப் பார்த்து நடந்து போனார். ஊசி தட்டிலேயே கிடந்தது.

எட்டு மாதம் கழித்து அவர் மனைவி வந்தாள். வேறு ஆஸ்பத்திரியில் பழைய காகிதமெல்லாம் கேட்கிறார்களாம். அவர் அதற்குள் படுத்த படுக்கை. வேறு ஸ்கேனில் சரியாகத் தெரியாமல், தெரிந்தபோது முதுகெலும்பில் கட்டி நரம்பை நசுக்கி முடித்திருந்தது. கையிலிருந்த காகிதங்களோடு பேஸ்மேக்கர் அட்டையையும் மேஜைமேல் வைத்தாள். டெக்னீஷியன் எல்லாவற்றையும் நகல் எடுத்து, ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அவளை அனுப்பினார். அவள் தெருவுக்குப் போன பிறகு நகலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: இது புது ரகம். பேஸ்மேக்கர் கம்பெனி ஆளை வரச் சொல்லி, பெட்டியின் செட்டிங்கை மாற்றிவிட்டு அன்றைக்கே எடுத்திருக்கலாம்.

"அட்டை எங்க இருந்துச்சு அன்னிக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"சட்டைப் பையில. எப்பவும் அதுலதான் வச்சிருப்பாராம். அந்தச் சட்டை என் கையில இருந்துச்சுடி. காலர்ல இருந்த ஊசியை எடுத்தேன். அதுக்குக் கீழ நாலு விரக்கடை தூரத்துல இருந்த பையை நான் பாக்கல." குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அடுத்த மாசம் செத்துப்போயிட்டாரு. அன்னிக்கே எடுத்திருந்தாலும் பொழச்சிருப்பாரான்னு யாருக்குத் தெரியும், விடுங்கன்னாரு டெக்னீஷியன். யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியலையே. தெரிஞ்சாக்கூட ஒரு பக்கமா அழுதுட்டுப் போயிடுவேன். ஆனா அந்த டெய்லரு தினமும் வர்றாரு. மூணாவது நாற்காலியில உக்காந்திருக்காரு. ஒண்ணும் கேக்கறதில்ல. நான் யாரைப் பாத்து என்ன சொன்னாலும், பின்னாலேர்ந்து 'சரிங்கம்மா'ங்கிறாரு. அவருக்கு மூடின கதவு எனக்கு மட்டும் எதுக்குடி திறக்கணும்?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம்தான் முந்திக்கொண்டது. "ஓஹோ. தப்பும் நீங்களே, தீர்ப்பும் நீங்களே, தண்டனையும் நீங்களே. நல்லா இருக்கு நியாயம்! அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா இதை?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆறு வருஷமா அந்த அம்மா விதின்னு நெனச்சு அழுதுக்கிட்டிருக்கு. நீங்க இங்க சட்டை மடிச்சுக்கிட்டிருக்கீங்க. நாளைக்குப் போறோம். சொல்லிட்டு வந்து, அப்புறம் எந்தப் பெட்டியை வேணா போட்டுக்குங்க. நான் வாயைத் திறந்தா ஏன்னு கேளுங்க."

டெக்னீஷியனிடமிருந்து அண்ணி வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்த நகலில் விலாசம் இருந்தது. புதன்கிழமை காலை ஆட்டோவில் போனோம். அண்ணி வழி நெடுக ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைப் பிடித்திருந்தாள். இறங்கும்போது ஒரு நிமிடம் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். இதயம் நிற்கிறதா, மனசுதான் தயங்குகிறதா என்று தெரியாமல் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முன்னறைதான் கடை. ஜன்னலோரம் தையல் மிஷின். அந்த அம்மாள் பள்ளிச் சீருடை ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தைக்க வந்தவர்கள் என்று நினைத்து, "உக்காருங்க, இந்த ஒரு வரி முடிச்சிடறேன்" என்றாள். அண்ணி உட்காரவில்லை. அந்த வரி முடிகிற வரைக்கும் நின்றாள். மிஷின் நின்றதும் சொல்ல ஆரம்பித்தாள். எதையும் மென்று விழுங்கவில்லை. சுற்றறிக்கை, கையெழுத்து, சிரிப்பு, ஊசி, சட்டைப் பை எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக்குத் தனக்கு ஆபரேஷன் என்றும், சாதாரணப் பெட்டிதான் வைத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னாள்.

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கை மட்டும் தைத்த துணியை நீவிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு" என்றாள் கடைசியில். "ஸ்கேன் எடுக்கல, ஆனா அங்க ஒரு அம்மா, தொடாமலே ஊசியைக் கண்டுபுடிச்சிட்டாங்கன்னு. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. படுக்கையில இருந்தப்பகூட ஒரு தடவை சொன்னாரு."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொல்லாதீங்க. இப்பதான் எனக்கே தெரியுது. இன்னிக்குத்தான் நான் முதல் நாள்லேர்ந்து அழ ஆரம்பிக்கணும்." துணியை மிஷின்மேல் வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "இவங்க யாரு?"

"என் நாத்தனார்."

"கூட இருக்காங்களா?"

"ஆமா."

"அஞ்சு மாசம் நான் அவரைப் பொரட்டிப் போட்டேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. முதுகுல புண்ணு வந்துச்சு. அதைக் கழுவினேன். பகல்ல தச்சேன். வலிக்கு அவரு கத்தறது தெருவுக்குக் கேக்கக் கூடாதுன்னு மிஷினை ஓட்டிக்கிட்டே இருந்தேன். நாளைக்கு உங்களுக்குக் கழுத்துல ஒண்ணு வந்து, உள்ள பாக்க முடியாமப் போச்சுன்னா, படுத்துக்கிட்டு நீங்க பாட்டுக்கு அனுபவிப்பீங்க. பொரட்டிப் போடப்போறது இவங்க. நீங்க யாருக்கும்மா தண்டனை குடுக்கறீங்க?"

தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி கிளம்பவே இல்லை.

அண்ணி பொட்டலத்தைப் பிரித்தாள். எண்ணெய்த் துணியில் சுற்றிய ஊசி. அந்த அம்மாள் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "துரு ஏறல" என்றாள். தன் ரவிக்கையின் கழுத்தோரம் செருகிக்கொண்டாள். "போயிட்டு வாங்க" என்று சொல்லவில்லை. "போங்க" என்று மட்டும் சொன்னாள். நாங்கள் படி இறங்குவதற்குள் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆட்டோவில் அண்ணி என் கையைப் பிடித்தாள். முப்பது வருடத்தில் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டதில்லை, பாத்திரத்தைப் பிடுங்கிய சமயங்களைத் தவிர. "டாக்டருக்குப் போன் போடு" என்றாள். "ரெண்டாவது ரகமே வைக்கச் சொல்லு."

"எனக்காக ஒண்ணும் வேணாம்" என்றேன், அழுகையை மறைக்க.

"ஆமா, பெரிய இவ. நீ பொரட்டிப் போடுற லட்சணம் எனக்குத் தெரியாதா? ஒரு தோசையை ஒழுங்காத் திருப்பிப் போடத் தெரியாது உனக்கு."

வியாழக்கிழமை வைத்தார்கள். இடது தோளுக்குக் கீழே தோலுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு மேடு. நேர்கோடு வரப்போனால் இப்போது அது ஒரு தட்டு தட்டி எழுப்பிவிடுகிறது. அட்டை வந்த அன்றைக்கு என் கடையிலேயே லேமினேட் பண்ணிக் கொடுத்தேன். அட்டை மிஷினில் உருண்டு வெளியே வருகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். வந்ததும் சூடு ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்து வேலைக்குப் போனாள். மஞ்சள் கோட்டுக்கு வெளியே மேஜை, படிவம். அவ்வளவுதான் இனி அவள் எல்லை. முதல் நாள் சாயங்காலம் திரும்பி வந்ததும் நான்தான் கதவைத் திறந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"இன்னிக்கும் வந்தாரா அண்ணி?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "வந்தாரு. வராம எங்க போவாரு?"

"என்ன பண்ணினீங்க?"

"மூணாவது நாற்காலியில இருந்த கவுனையெல்லாம் எடுத்துட்டேன். நிக்கிறவங்க உக்காரட்டும்னுதான். ஆனா மத்தியானம் வரைக்கும் யாரும் அதுல உக்காரல. அவருதான் உக்காந்திருந்தாரு." தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தாள். "சாப்பாட்டு நேரத்துல, நான் நாலாவதுல போய் உக்காந்துக்கிட்டேன்."